வாப்பாவின் படிப்பும் பிள்ளையின் காலேஜும்



நம் பிள்ளைகளிற் சிலர் அமெரிக்கச் சர்வகலாசாலைகளுக்கும் விண்ணப்பம் போடுகிறார்கள். அப்பாரத்தில், பெற்றோர் எதுவரை படித்தனர், எங்கே படித்தனர் என்ற கேள்விகள் உண்டு. நம் மகள் அதைக் கேட்ட அன்று, மதரஸாவும் ஆரம்பப் பள்ளியும் மட்டுமே கண்ட நாம் தலை குனிந்தோம். சற்றுக் கூட்டி எழுதச் சொல்லலாமா என்றும் எண்ணினோம். பிறகுதான் விசாரித்து அறிந்தோம்.

அக்கேள்வி இரு விதமாகப் பயன்படுகிறது.

ஒன்று: தந்தையோ தாயோ படித்த இடத்திலேயே பிள்ளையும் இடம் கேட்டால், சில கல்லூரிகள் சலுகை காட்டுகின்றன. இது வசதியுள்ள குடும்பங்களுக்கே உதவுகிறதென்று கண்டனம் எழுந்தது. ஜான்ஸ் ஹாப்கின்ஸ் சர்வகலாசாலை இச்சலுகையைக் கைவிட்டதை 2020இல் அறிவித்தது. ஆமெர்ஸ்ட் கல்லூரி 2021இல் அறிவித்தது. கலிபோர்னியா மாநிலம் 2024இல் சட்டமியற்றி, 2025 செப்டம்பர் முதல் தனியார் கல்லூரிகளிலும் இதைத் தடுத்தது.

இரண்டு: பெற்றோர் பட்டம் பெறாத வீட்டுப் பிள்ளையை ‘முதல் தலைமுறை மாணவர்’ என்பார்கள். வழிகாட்ட ஆளின்றி இவ்வளவு தேர்ச்சியா என்று சீர்தூக்கிப் பார்க்கிறார்கள். கலிபோர்னியா சர்வகலாசாலை இதையும் கருத்திற் கொள்கிறது. இதனால் மட்டும் இடம் கிடைத்துவிடாது. மதிப்பெண்ணும் உழைப்பும் வேண்டும்.

ஆகவே, கூட்டி எழுதுவது பொய் மட்டுமன்று, பிள்ளைக்கு நஷ்டமுமாகும். தராசில் குறை வைக்காத நாம், பாரத்தில் மிகை வைக்கலாமா? உள்ளதை எழுதுங்கள். புரியாததை ஆசிரியரிடம் கேட்க, ஒருவேளை கடையடைத்தாலும் பாதகமில்லை.