பட்டினி கிடந்த உடலுக்கு உணவே ஆபத்தாவது ஏன்?

உணவுண்ணும் கோளாறு என்றதும், மெலிய வேண்டும் என்ற ஆசையில் ஓர் இளம்பெண் பிடிவாதமாகச் சாப்பிட மறுக்கிறாள் என்றே பலரும் நினைக்கிறார்கள். ‘நாலு வாய் ஊட்டிவிட்டால் எல்லாம் சரியாகிவிடும்’ என்பது வீட்டுப் பெரியவர்கள் சொல்லும் வைத்தியம். இந்த இரண்டு எண்ணங்களுமே தவறு. நீண்ட நாள் பட்டினி, இதயம் முதல் மூளை வரை எல்லா உறுப்புகளையும் மாற்றிவிடுகிறது. அப்படி மாறிப்போன உடலுக்குத் திடீரென நிறைய உணவு கொடுத்தால் உயிருக்கே ஆபத்து வரலாம். இதற்கான காரணங்களை மருத்துவ ஆய்வுகள் எப்படிக் கண்டறிந்தன என்பதை இந்த வாரம் பார்ப்போம்.

முதலில் பெயர்களைத் தெரிந்துகொள்வோம். உடல் எடை கூடிவிடுமோ என்ற கடுமையான அச்சத்தால் உணவைக் குறைத்துக்கொண்டே போவது அனொரெக்சியா நெர்வோசா. 1873-ஆம் ஆண்டில் லண்டன் மருத்துவர் வில்லியம் கல் இதற்கு இந்தப் பெயரைச் சூட்டினார். கட்டுப்பாடில்லாமல் மிக அதிகமாக உண்பதும், பிறகு வாந்தி போன்ற வழிகளில் அதை வெளியேற்ற முயல்வதும் மாறி மாறி நிகழ்வது புலிமியா நெர்வோசா. இதைத் தனி நோயாக 1979-இல் விவரித்தவர் ஜெரால்டு ரசல் என்ற மனநல மருத்துவர். இந்நோய்கள் பெண்களுக்கு அதிகம் வருகின்றன என்றாலும் ஆண்களும் சிறுவர்களும் பாதிக்கப்படுகிறார்கள்.

மினசோட்டாவில் நடந்த சோதனை

பட்டினி மனிதனை என்ன செய்கிறது என்பதற்கு இன்றளவும் மருத்துவர்கள் எடுத்துக்காட்டும் சோதனை ஒன்று உண்டு. இரண்டாம் உலகப் போரின் இறுதிக் கட்டம் அது. ஐரோப்பாவில் லட்சக்கணக்கானோர் பட்டினியில் வாடினர். போர் முடிந்ததும் அவர்களுக்கு எப்படி உணவூட்டி உடலைத் தேற்றுவது என்று யாருக்கும் சரியாகத் தெரியவில்லை. அதைக் கண்டறிய அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்சல் கீஸ் என்ற ஆய்வாளர் 1944 நவம்பரில் ஒரு சோதனையைத் தொடங்கினார். ஆயுதம் ஏந்த மனசாட்சி இடம் தராததால் போருக்குச் செல்ல மறுத்த இளைஞர்களில் 36 பேர், தாமாக முன்வந்து இதில் சேர்ந்தனர். உடலும் மனமும் நன்றாக இருக்கின்றனவா என்று சோதித்த பிறகே அவர்கள் தேர்ந்தெடுக்கப்பட்டார்கள்.

முதல் 12 வாரம் வழக்கமான உணவு. அடுத்த 24 வாரம் ஏறக்குறைய பாதி உணவு. உருளைக்கிழங்கு, ரொட்டி, மக்ரோனி போன்றவையே பெரும்பாலும் தட்டில் இருந்தன. இதோடு வாரத்திற்கு சுமார் 35 கிலோமீட்டர் நடக்கவும் வேண்டும். எடையில் கால் பங்கு குறைய வேண்டும் என்பது திட்டம்.

உடலில் நேர்ந்த மாற்றங்கள் ஓரளவு எதிர்பார்த்தவையே. ஓய்வாக இருக்கும்போது நிமிடத்திற்குச் சராசரியாக 55 ஆக இருந்த நாடித்துடிப்பு 35-க்கு இறங்கியது. வெயில் காலத்திலும் குளிர் தாங்க முடியவில்லை. கணுக்கால்கள் வீங்கின. ஆனால், ஆய்வாளர்களைத் திகைக்க வைத்தது மனத்தில் ஏற்பட்ட மாற்றம்தான். அந்த இளைஞர்களுக்குச் சாப்பாட்டைத் தவிர வேறு நினைவே இல்லாமல் போயிற்று. சிலர் சமையல் புத்தகங்களைச் சேகரிக்கத் தொடங்கினர். தட்டில் இருந்ததைச் சிறு சிறு துண்டுகளாக்கி, நேரத்தை இழுத்து இழுத்துச் சாப்பிட்டனர். எரிச்சல், சோர்வு, தனிமை நாட்டம் எல்லாம் கூடின.

இவை அனைத்தும் அனொரெக்சியா நோயாளிகளிடம் அன்றாடம் காணப்படுபவை. அந்த 36 பேரில் யாரும் மெலிய ஆசைப்பட்டவர்கள் அல்லர். அப்படியிருந்தும் அவர்களிடம் இந்தக் குணங்கள் வந்தன என்றால், நோயாளியின் ‘பிடிவாதம்’ என்று நாம் நினைப்பதில் ஒரு பெரும் பகுதி பட்டினியின் விளைவே என்று புரிகிறது. உணவு திரும்பக் கிடைத்த பிறகும் அந்த இளைஞர்கள் உடனே பழைய நிலைக்குத் திரும்பவில்லை. மனம் அமைதியடையப் பல மாதங்கள் பிடித்தன. இந்தச் சோதனையின் முழு விவரங்களும் 1950-இல் இரண்டு பெரிய தொகுதிகளாக வெளிவந்தன.

சிக்கனம் பிடிக்கும் உடல்

வருமானம் நின்றுபோன குடும்பம் செலவைக் குறைப்பதைப்போல, உணவு வராத உடலும் செலவைக் குறைக்கிறது. உடல் வெப்பம் தணிகிறது. கை கால்கள் சில்லிடுகின்றன. மாதவிடாய் நின்றுபோகலாம். இரைப்பை மெதுவாகவே காலியாவதால், இரண்டு வாய் உண்டதுமே வயிறு நிறைந்து உப்பியது போன்ற உணர்வு வருகிறது. ‘என்னால் முடியவில்லை’ என்று அந்தப் பிள்ளை சொல்வது பல நேரங்களில் உண்மையே.

சேமித்த கொழுப்பு தீரத் தீர, உடல் தன் தசைகளையே கரைத்துப் பயன்படுத்துகிறது. இதயமும் ஒரு தசைதான். அதன் சுவர் மெலிந்து, துடிப்பு குறைகிறது. ‘விளையாட்டு வீரர்களுக்கும் நாடித்துடிப்பு குறைவாகத்தானே இருக்கும்?’ என்று சிலர் கேட்பதுண்டு. வீரரின் இதயம் பயிற்சியால் வலுவடைந்திருக்கிறது. ஒவ்வொரு துடிப்பிலும் அது அதிக இரத்தத்தைச் செலுத்துவதால் குறைவாகத் துடித்தாலே போதும். பட்டினியில் வாடும் இதயமோ சுருங்கிப்போனது. படுத்திருக்கும்போது மிக மெதுவாகத் துடிக்கும் அது, எழுந்து நாலடி நடந்ததும் படபடவென வேகமெடுக்கும். இந்த வேறுபாடு மருத்துவர்களுக்கு ஒரு முக்கியமான துப்பு.

அடிக்கடி வாந்தி எடுப்பவர்களுக்கு ஆபத்து வேறு விதமாக வருகிறது. இரைப்பை அமிலம் பற்களின் எனாமலை அரிக்கிறது. கன்னத்தின் இரு பக்கமும் உள்ள உமிழ்நீர்ச் சுரப்பிகள் வீங்குகின்றன. இவற்றைவிட முக்கியமானது பொட்டாசியம் குறைவது. இதயத்தில் மின்துடிப்பு ஒழுங்காக ஓட பொட்டாசியம் தேவை. அது மிகவும் குறைந்தால் துடிப்பின் தாளம் தவறி, இதயம் திடீரென நின்றுபோகவும் கூடும். புலிமியா உள்ளவர்களின் எடை பெரும்பாலும் இயல்பாகவே இருப்பதால், பார்த்த மாத்திரத்தில் யாருக்கும் சந்தேகம் வராது.

எலும்பின் நிலை இன்னும் கவலைக்குரியது. வாழ்நாள் முழுவதும் நம்மைத் தாங்கும் எலும்பின் பெரும்பகுதி பதின்ம வயதில்தான் சேர்கிறது. அந்த வயதில் உணவு குறைந்தால் எஸ்ட்ரோஜன் போன்ற ஹார்மோன்கள் வற்றுகின்றன. எலும்பை அரிக்கும் கார்ட்டிசோல் கூடுகிறது. மற்ற உறுப்புகள் பெரும்பாலும் தேறிவிடுகின்றன. இழந்த எலும்பு மட்டும் முழுமையாகத் திரும்பாமல் போகலாம்.

‘ரிப்போர்ட் நார்மல்’ என்றால் நிம்மதியா?

குடும்பங்களைத் திசைதிருப்பும் ஒரு விஷயம் இரத்தப் பரிசோதனை. மோசமாக மெலிந்தவர்களுக்கும் பரிசோதனை முடிவுகள் பல நேரங்களில் இயல்பாகவே வருகின்றன. இரத்தத்தில் உள்ள உப்புகளின் அளவை நிலையாக வைத்திருக்க உடல் கடைசி வரை போராடுகிறது. அதற்காக உயிரணுக்களிலும் எலும்பிலும் உள்ள இருப்பை எடுத்துக்கொள்கிறது. கடையின் முன் அலமாரி நிறைந்திருக்க, பின்னால் இருக்கும் கிடங்கு காலியாவதைப் போன்றது இது. பரிசோதனை பார்ப்பது முன் அலமாரியை மட்டுமே.

எடையும் சில நேரம் ஏமாற்றும். முன்பு பருமனாக இருந்த ஒரு பிள்ளை மிக வேகமாக மெலிந்தால், அதன் எடை இன்னும் ‘சரியான’ அளவிலேயே இருக்கலாம். அப்படிப்பட்டவர்களுக்கும் நாடித்துடிப்பு ஆபத்தான அளவுக்குக் குறைவதை அண்மைய ஆய்வுகள் காட்டியுள்ளன. எவ்வளவு எடை இருக்கிறது என்பதோடு, எவ்வளவு குறைந்தது, எவ்வளவு வேகமாகக் குறைந்தது என்பதையும் மருத்துவர்கள் இப்போது கேட்கிறார்கள்.

சோறு உள்ளே போனதும் நடப்பது

போரின் முடிவில் பிலிப்பைன்ஸில் சரணடைந்த ஜப்பானிய வீரர்கள் பலர் எலும்பும் தோலுமாக இருந்தனர். அமெரிக்க மருத்துவர்கள் அவர்களுக்கு உணவும் சிகிச்சையும் அளித்தனர். அப்படியும் சிலர் இறந்துபோனார்கள். இது பற்றிய மருத்துவக் கட்டுரை 1951-இல் வெளிவந்தது. மறு உணவூட்டல் நோய்க்குறி என்று இன்று நாம் அழைக்கும் நிலையை விவரித்த தொடக்ககாலப் பதிவுகளில் அதுவும் ஒன்று.

காரணம் இதுதான். பட்டினியின்போது உடல் கொழுப்பை எரித்து வாழ்கிறது. இன்சுலின் மிகக் குறைவாகவே சுரக்கிறது. மாவுச்சத்து நிறைந்த உணவு திடீரென வந்ததும் இன்சுலின் சட்டென்று உயர்கிறது. உயிரணுக்கள் சர்க்கரையை உள்ளே இழுக்கின்றன. அந்தச் சர்க்கரையைச் சக்தியாக மாற்ற பாஸ்பேட் தேவை. ஆகவே பாஸ்பேட்டும், அதனுடன் பொட்டாசியமும் மெக்னீசியமும் இரத்தத்திலிருந்து உயிரணுக்களுக்குள் விரைகின்றன. கிடங்கு ஏற்கெனவே காலி. இப்போது முன் அலமாரியும் காலியாகிறது. பாஸ்பேட் இல்லாவிட்டால் உடலின் சக்தி நாணயமான ஏடிபியை உருவாக்க முடியாது. மெலிந்த இதயமும் மூச்சுத் தசைகளும் சக்தியின்றித் தடுமாறுகின்றன. உடலில் உப்பும் நீரும் தேங்கி, கால்கள் வீங்குகின்றன. பெரும்பாலும் உணவு தொடங்கிய முதல் சில நாட்களிலேயே இவை நேர்கின்றன.

சர்க்கரையைப் பயன்படுத்தத் தேவைப்படும் இன்னொரு பொருள் தயமின் எனும் வைட்டமின் பி1. இதன் வரலாற்றில் நம் நாட்டுக்கும் பங்கு உண்டு. 1905-இல் கோலாலம்பூர் மனநல மருத்துவமனையில் வில்லியம் ஃபிளெட்சர் என்ற மருத்துவர், நோயாளிகளில் ஒரு பிரிவினருக்குத் தீட்டிய பச்சரிசியும் மற்றொரு பிரிவினருக்குப் புழுங்கல் அரிசியும் கொடுத்துப் பார்த்தார். பெரிபெரி நோய் பச்சரிசி உண்டவர்களையே தாக்கியது. புழுங்கல் அரிசி உண்ட தமிழ்த் தொழிலாளர்களுக்கு அந்நோய் அரிதாகவே வந்ததையும் அக்கால மருத்துவர்கள் கவனித்திருந்தனர். நெல்லை அவிக்கும்போது தவிட்டிலுள்ள தயமின் அரிசிக்குள் இறங்கிவிடுகிறது என்ற விளக்கம் பின்னாளில்தான் கிடைத்தது. கடுமையாக மெலிந்த நோயாளிக்கு உணவு தொடங்கும்போதே மருத்துவர்கள் தயமினும் கொடுப்பதற்குக் காரணம், அதே குறைபாட்டைத் தடுப்பதுதான்.

ஆபத்து இருக்கிறது என்பதற்காக உணவைத் தள்ளிப்போடவும் கூடாது. முன்பெல்லாம் மிகச் சிறிய அளவில் தொடங்கி, மிக மெதுவாகவே கூட்டினார்கள். அதில் நோயாளி மேலும் மெலிந்துவிடும் ஆபத்து இருந்தது. கலிபோர்னியாவில் இரு மருத்துவமனைகளில் 12 முதல் 24 வயது வரையிலான நோயாளிகளிடம் நடத்தப்பட்ட ஆய்வு ஒன்று 2020-இல் வெளியானது. சற்று அதிகமான உணவோடு தொடங்கியவர்களின் உடல்நிலை விரைவாகச் சீரடைந்தது. பாஸ்பேட் குறைவது அவர்களிடம் கூடவில்லை. ஆனால் இது மருத்துவமனையில், அன்றாடக் கண்காணிப்பில் நடந்தது என்பதை மறந்துவிடக்கூடாது. வீட்டில் செய்து பார்க்கும் காரியம் அல்ல இது.

மூளையும் மரபணுவும்

2022-இல் பல நாட்டு ஆய்வாளர்கள் சேர்ந்து அனொரெக்சியா நோயாளிகளின் மூளைப் படங்களை ஒப்பிட்டனர். மூளையின் மேலுறை கணிசமாக மெலிந்திருந்தது. எடை தேறத் தொடங்கியவர்களிடம் அந்த இழப்பு குறைவாக இருந்தது. உடல் தேறினால்தான் மனநல சிகிச்சையும் பலன் தரும் என்று மருத்துவர்கள் வலியுறுத்துவதற்கு இது வலு சேர்க்கிறது.

2019-இல் வெளியான இன்னொரு பெரிய ஆய்வு, 16,992 நோயாளிகளின் மரபணுக்களை அலசியது. நோயோடு தொடர்புடைய 8 இடங்கள் தெரியவந்தன. மனநலத் தொடர்போடு, உடல் சக்தியைக் கையாளும் விதத்தோடும் இந்நோய்க்குத் தொடர்பு இருப்பதை அது காட்டியது. பெற்றோரின் வளர்ப்பையோ பிள்ளையின் வீம்பையோ மட்டும் குறைசொல்வதில் பொருளில்லை. லண்டன் மோட்ஸ்லி மருத்துவமனையில் உருவான சிகிச்சை முறையில், பெற்றோர்கள் குற்றவாளிகளாக நடத்தப்படுவதில்லை. பிள்ளையின் உணவைப் பொறுப்பேற்று நடத்தும் துணைவர்களாகச் சேர்த்துக்கொள்ளப்படுகிறார்கள். பதின்ம வயதினருக்கு இன்று முதலில் பரிந்துரைக்கப்படுவது இந்தக் குடும்ப சிகிச்சைதான்.

வீட்டில் எதைக் கவனிக்கலாம்?

• உணவு வேளைகளைத் தொடர்ந்து தவிர்ப்பது. விரதம், டயட், வயிற்று வலி என்று காரணங்கள் அடுக்குவது.
• சாப்பிட்டதும் உடனே கழிவறைக்குச் சென்று நெடுநேரம் இருப்பது.
• வெயிலிலும் குளிர்கிறது என்பது, கை கால் சில்லிடுவது, மாதவிடாய் நிற்பது.
• எழுந்து நிற்கும்போது தலைசுற்றல், மயக்கம், நெஞ்சுப் படபடப்பு.
• பிறருக்கு ஆசையாகச் சமைத்துவிட்டு, தான் மட்டும் உண்ணாமலிருப்பது.

இவற்றில் சில சேர்ந்து காணப்பட்டால் குடும்ப மருத்துவரையோ அரசாங்கச் சுகாதாரக் கிளினிக்கையோ நாடுங்கள். நாடித்துடிப்பு, படுத்தும் நின்றும் எடுத்த இரத்த அழுத்தம், இசிஜி, இரத்தத்தில் பொட்டாசியம், பாஸ்பேட் ஆகியவற்றைப் பார்க்கும்படி கேளுங்கள். மயக்கம், நெஞ்சுவலி இருந்தாலோ, பல நாட்களாக எதுவுமே உண்ணாமல் இருந்தாலோ காத்திருக்காமல் மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குக் கொண்டுசெல்லுங்கள். இந்நோயால் இறப்பவர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவர் தற்கொலையால் இறக்கிறார் என்று ஆய்வுகள் சொல்வதால், ‘வாழப் பிடிக்கவில்லை’ என்ற சொல் வந்தால் அதையும் அவசரமாகவே கருத வேண்டும்.

உணவுண்ணும் கோளாறிலிருந்து மீண்டு, படித்து, வேலைக்குச் சென்று நலமாக வாழ்பவர்கள் ஏராளம். எவ்வளவு சீக்கிரம் சிகிச்சை தொடங்குகிறதோ அவ்வளவுக்கு அந்த வாய்ப்பு கூடும். தட்டை ஒதுக்கும் பிள்ளையைத் திட்டுவதற்கு முன், அதன் மணிக்கட்டைப் பிடித்து ஒரு நிமிடம் நாடியை எண்ணிப் பாருங்கள். விழித்திருக்கும் பகல் நேரத்தில் அது 50-க்குக் கீழே இருந்தால், அன்றே மருத்துவரைப் பார்க்க வேண்டும்.