மட்டிக்கு முன் மீன்

அன்புள்ள தங்கைக்கு,

நன்னீர் மட்டிகளைத் தொட்டியில் இனம்பெருக்கித் திருவள்ளூர் ஏரிகளில் விட வேண்டும் என்கிற உன் முனைப்பை மனமாரப் பாராட்டுகிறேன். சேற்றுக்குள் கிடக்கும் ஓர் உயிருக்காக உழைக்க முன்வருவோர் மிகக் குறைவு. உன்னிடம் ஒன்றை மட்டும் வலியுறுத்துகிறேன்: குஞ்சுக்குத் தொட்டி கட்டுமுன், அக்குஞ்சு போய்ச் சேரவேண்டிய ஏரியைப் படி.

தாய் மட்டி தன் செவுள்களில் கருவைச் சுமக்கிறது. வெளிவரும் நுண்ணிய இளம்புழு ஒரு மீனின் செவுளையோ துடுப்பையோ பற்றிக்கொண்டு சில நாள்களோ வாரங்களோ உருமாறிய பிறகே சேற்றில் உதிர்ந்து மட்டியாகிறது. பல இனங்களுக்கு எந்த மீனும் ஆகாது. தனக்குரிய மீன் வேண்டும். ஆகவே ஏரியில் மீன் மாறினால் மட்டியின் தலைமுறை அறுந்துபோகலாம். கண்ணன்கோட்டை, தேர்வாய் கண்டிகை ஏரிகளை இணைத்து 2020-ல் திறக்கப்பட்ட நீர்த்தேக்கத்தையே எடுத்துக்கொள். 500 மில்லியன் கன அடி கொள்ளளவு, கால்வாய் வழி வரும் கிருஷ்ணா நீர், ஒரு பக்கம் சிப்காட் தொழிற்பேட்டை. பழைய ஏரியின் ஆழமும் நீரோட்டமும் மாறிய இடம் அது. அங்கே வலை வீசுவோரிடம் எந்த மீன் எப்போது எவ்வளவு அகப்படுகிறது என்று கேட்டறிவதே உன் முதல் ஆராய்ச்சியாகட்டும்.

குஞ்சு போய்ச் சேரும் நீர்நிலையை அலட்சியம் செய்ததன் விலையை வரலாறு காட்டியிருக்கிறது. மிசிசிப்பி ஆற்று மட்டி ஓடுகளில் சட்டைப் பொத்தான் செய்த தொழிலுக்காக, 1908-ல் அமெரிக்க நாடாளுமன்றம் அயோவா மாநிலத்தின் ஃபேர்போர்ட்டில் ஒரு நிலையம் அமைக்க ஒப்புதல் தந்தது. இளம்புழு ஒட்டிய மீன்களை அங்கிருந்து ஏராளமாக ஆற்றில் விட்டார்கள். ஆயினும் ஓட்டுக்காக அள்ளுவது ஓயவில்லை. வண்டலும் கழிவும் ஆற்றில் பெருகின. மட்டி குறைந்துகொண்டே போனது. 2023-ல் அந்நாட்டு அரசு அழிந்துபோனவை என்று அறிவித்த 21 இனங்களில் 8 மட்டிகள். நம்மூரிலும் ஒரு பாடம் உண்டு. 1976-ல் மாமல்லபுரத்துக்கு அருகே தொடங்கிய முதலைப் பண்ணையில் சதுப்பு முதலைகள் ஆயிரக்கணக்கில் பெருகின. அவற்றை விடுவதற்கு ஏற்ற நீர்நிலைகள்தாம் போதவில்லை.

‘நீர் தூய்மையாகும்வரை காத்திருந்தால் இனமே அழிந்துவிடுமே’ என்பாய். நியாயமான கேள்வி. தொட்டி நமக்குக் காலம் வாங்கித் தரும். அதை நான் மறுக்கவில்லை. வாங்கிய காலத்தில் ஏரிக்கு என்ன செய்தோம் என்பதே கேள்வி. இளம் மட்டிக்கு அம்மோனியாவும் செம்பும் மிகச் சிறு அளவிலேயே நஞ்சு. அமெரிக்கச் சுற்றுச்சூழல் முகமை 2013-ல் அம்மோனியா வரம்பை இறுக்கியபோது மட்டிகளின் இந்தத் தாங்காமையையும் கணக்கில் கொண்டது. தொழிற்பேட்டை சூழ்ந்த ஏரியில் உன் குஞ்சு பிழைக்கிறதா என்ற பதிவு, அதிகாரியின் மேசையில் நல்லதொரு சான்றாகும். தூர்வாருவதிலும் ஓர் ஆபத்து உண்டு: வண்டலோடு அதில் புதைந்த மட்டியும் லாரி ஏறிவிடும். பொக்லைன் இறங்குமுன் பொறுக்கி எடுத்து வைக்க ஊராரைச் சேர்த்துக்கொள்.

‘நம் ஏரி மட்டி அருகிவிடவில்லையே, அதை ஏன் வளர்க்க வேண்டும்?’ என்று வேறு சிலர் கேட்பார்கள். அருகிவிட்ட இனத்தில் கைப்பழக்கம் பெற முடியாது. அங்கே ஒரு தாய் செத்தாலும் பேரிழப்பு. நம் குளங்களில் இன்னும் கிடைக்கும் லாமெல்லிடென்ஸ் மார்ஜினாலிஸ் என்னும் மட்டியைக் கொண்டு பழகு. புவனேசுவரத்து மத்திய நன்னீர் மீன்வளர்ப்பு ஆய்வு நிறுவனம் முத்து வளர்ப்புக்காக இம்மட்டியோடு நெடுங்காலம் உழைத்திருக்கிறது. அந்த அறிவு உனக்குத் துணை. ஒன்று மட்டும் கவனம்: ஓர் ஆற்றுப்படுகையின் தாய்க்குப் பிறந்ததை வேறு படுகையில் விடாதே.

ஐரோப்பாவின் முத்து மட்டி நூறாண்டுக்கு மேல் வாழக்கூடியது. அதனால்தான் பல ஆறுகள் ஏமாற்றின: கிழடுகள் கிடந்தன, குஞ்சு இல்லை. ஆகவே எத்தனை மட்டி விட்டாய் என்பதைக் கணக்கில் வெற்றியாக எழுதாதே. நீ விட்டது வளர்ந்து ஈன்று, உன் கை படாத ஒரு சிறு ஓடு அதே சேற்றில் கிடைக்கும் நாளை எழுது.

அன்புடன்,
உன் நலம் நாடும் அண்ணன்