தப்புக்குப் பின்னால் இருக்கும் ஸ்பானிய வாக்கியம்

2025ஆம் ஆண்டு பிப்ரவரியிலிருந்து ஜூன் வரை, மாணவர் பரிமாற்றத் திட்டத்தின் வழி ஸ்பெயினின் வலென்சியா நகரத்தில் ஒரு செமஸ்டர் மின்பொறியியல் படித்தேன். பாடத்தைப் பற்றி எழுதப் போவதில்லை. அங்கே ஒருவனுக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கப் போய் நான் கற்றுக்கொண்டதை எழுதுகிறேன். வார இறுதியில் டியூஷன் எடுக்கும் அண்ணன், அக்காமார்களுக்கும் இது உதவலாம்.

ஆய்வுக்கூடத்தில் எனக்குக் கூட்டாளியாக வந்தவன் ஒரு ஸ்பானியப் பையன். கணக்கில் கெட்டிக்காரன். ஆனால் அவன் பட்டம் வாங்க ஆங்கிலத்தில் பி2 சான்றிதழ் வேண்டும். ஐரோப்பாவில் மொழித்திறனை ஏ1 முதல் சி2 வரை ஆறு நிலையாகப் பிரித்திருக்கிறார்கள். பி2 அதில் நாலாவது. ஸ்பெயினில் பல பட்டப்படிப்புகளில் இந்த மாதிரி ஒரு சான்றிதழ் இல்லையென்றால், எல்லாப் பாடத்திலும் தேறினாலும் பட்டம் கைக்கு வராது. அவன் எழுத்துத் தேர்வில் தேறி, பேச்சுத் தேர்வில் ஒரு தடவை விழுந்திருந்தான். ஜூனில் மறுபடியும் உட்கார வேண்டும். அரை மணி நேரம் நான் அவனுக்கு ஆங்கிலம், அரை மணி நேரம் அவன் எனக்கு ஸ்பானியம் என்று பேசிக்கொண்டோம். இதற்கு அங்கே 'இந்தெர்காம்பியோ' என்று பெயர். காசு கிடையாது.

ஆரம்பமே சொதப்பல். இரண்டாவது வாரம் மூக்கை உறிஞ்சிக்கொண்டே வந்தான். "ஐ யேம் கான்ஸ்டிபேட்டட்" என்றான். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்ததோடு விட்டிருக்கலாம், பக்கத்து மேசையில் இருந்தவர்களுக்கும் சொல்லிச் சிரித்தேன். அதற்கப்புறம் மூன்று நாள் அவன் என்னிடம் ஆங்கிலத்தில் ஒரு வார்த்தை பேசவில்லை. பேச்சுத் தேர்வில் ஏன் விழுந்தான் என்று அப்போதுதான் விளங்கியது. ஆங்கிலம் தெரியாமல் இல்லை, வாயைத் திறக்கவே பயம். அந்தப் பயத்துக்கு நானும் தண்ணீர் ஊற்றிவிட்டேன்.

ஸ்பானியத்தில் 'கொன்ஸ்திபாதோ' என்றால் சளி பிடித்திருக்கிறது என்று அர்த்தம். ஆங்கிலத்தில் அதே மாதிரி ஒலிக்கும் சொல்லுக்கு மலச்சிக்கல் என்று அர்த்தம். அவன் தப்பாக எதையும் யோசிக்கவில்லை. அவன் தலைக்குள் இருந்தது முழுக்கச் சரியான ஸ்பானிய வாக்கியம்.

அடுத்த வாரமே எனக்குத் திருப்பிக் கிடைத்தது. நீண்ட விரிவுரை முடிந்து, எனக்கு போர் அடிக்குது என்று சொல்ல நினைத்து, எல்லார் முன்னிலையிலும் "சொய் அபுரிதோ" என்றேன். மேசையே சிரித்தது. போர் அடிக்கிறது என்பதற்கு 'எஸ்தொய் அபுரிதோ' என்று சொல்ல வேண்டும். 'சொய்' போட்டால் நானே ஒரு போர் அடிக்கிற ஆள் என்று ஆகிவிடும். இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. அவனும் ஆங்கிலத்தில் 'ஐ யேம் போர்ட்' என்பதற்குப் பதிலாக "ஐ யேம் போரிங்" என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தான். அவன் மொழி அந்த வித்தியாசத்தை வினைச்சொல்லில் வைத்திருக்கிறது, ஆங்கிலம் சொல்லின் வாலில் வைத்திருக்கிறது. ஒரே குழியில் ஆளுக்கொரு பக்கத்திலிருந்து விழுந்திருக்கிறோம். சமாதானம் ஆனோம்.

அன்றைக்கு ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கி, பக்கத்தை மூன்றாகப் பிரித்தோம். முதல் கட்டத்தில் அவன் சொன்ன ஆங்கில வாக்கியம். நடுவில் அவன் மனசுக்குள் ஓடிய ஸ்பானிய வாக்கியம். கடைசியில் ஆங்கிலத்தில் அதை எப்படிச் சொல்வார்கள் என்பது. நடுக்கட்டத்தை அவனே எழுத வேண்டும், அதுதான் முக்கியம்.

"ஐ ஹேவ் 22 இயர்ஸ்" என்பான். நடுக்கட்டத்தில் 'தெங்கோ 22 அன்யோஸ்' என்று வரும். ஸ்பானியத்தில் வயசு என்பது ஒருவன் வைத்திருக்கும் பொருள். தமிழில் 'எனக்கு 22 வயசு' என்கிறோம், வினைச்சொல்லே இல்லை. யோசித்தால் 'நான் 22ஆக இருக்கிறேன்' என்கிற ஆங்கிலம்தான் விசித்திரம்! ஆய்வு அறிக்கையில் "வீ ரியலைஸ்ட் தி எக்ஸ்பெரிமென்ட்" என்று எழுதியிருந்தான். 'ரெயாலிசார்' என்றால் அவர்களுக்குச் செய்து முடிப்பது. 'அக்துவால்மென்தே' என்றால் இப்போதைக்கு என்று அர்த்தம், அதனால் எதற்கெடுத்தாலும் "ஆக்சுவலி".

"இஸ் ரெயினிங்" என்று முன்னால் 'இட்' இல்லாமல் சொல்வதுதான் அவனுக்கு ரொம்ப நாள் போகாத பழக்கம். இங்கே தமிழ் எனக்குக் கைகொடுத்தது. 'வந்தேன்' என்று மட்டும் சொன்னால் யார் வந்தது என்று நமக்குத் தெரியும், ஏனென்றால் 'ஏன்' என்கிற விகுதி ஆளைக் காட்டிவிடுகிறது. ஸ்பானியமும் அப்படித்தான். வினையின் வாலிலேயே ஆள் உட்கார்ந்திருக்கிறான், தனியாகச் சொல்லத் தேவையில்லை. ஆங்கிலத்தில் 'கேம்' என்றால் நானா, நீயா, அவர்களா, ஒன்றும் தெரியாது. அதனால்தான் முன்னால் யாராவது நிற்க வேண்டும். ஆளே இல்லாத மழைக்கும் ஒரு 'இட்' நிற்க வேண்டும். மின்பொறியியல்காரனுக்குப் புரிகிற மாதிரி, "இது டம்மி லோடுடா" என்றேன். அப்புறம் 'இட்' போட மறந்தால் "லோடு எங்கே?" என்று கேட்டாலே போதும்.

ஸ்பெயினை "எஸ்பெயின்" என்றும் ஸ்கூலை "எஸ்கூல்" என்றும் சொல்வான். ஸ்பானியச் சொல் எதுவும் 'ஸ்' ஒலியோடு இன்னொரு மெய் சேர்ந்து தொடங்காது, முன்னால் ஒரு 'எ' வரும். இதைக் கேட்டு நான் சிரிக்கவில்லை. எங்கள் பாட்டி இன்றைக்கும் "இஸ்கூலு" என்றுதான் சொல்கிறார். பாம்பு சீறுகிற மாதிரி 'ஸ்ஸ்ஸ்' என்று நீட்டிவிட்டு மீதியைச் சொல்லச் சொன்னேன். பாதி சரியானது.

நோட்டுப் புத்தகம் வாக்கியத்துக்கு நல்லது. ஆனால் தேர்வில் ஒரு தலைப்பைப் பற்றி நிறுத்தாமல் பேச வேண்டும், அதற்குச் சரக்கு வேண்டும். அந்தச் சரக்கு ஏப்ரல் 28 அன்று தானாக வந்தது.

திங்கட்கிழமை, பகல் 12:33. ஸ்பெயினிலும் போர்ச்சுகலிலும் பெருநிலம் முழுவதும் கரண்ட் போய்விட்டது. நாங்கள் ஆய்வுக்கூடத்தில் இருந்தோம். "தி லைட் வென்ட்!" என்றான். வெளியே நல்ல வெளிச்சம்! ஸ்பானியத்தில் கரண்டுக்கு 'லூத்', அதாவது வெளிச்சம் என்றே பெயர். ஃப்ரிட்ஜ் நின்றாலும் வெளிச்சம்தான் போகும். 'தி பவர் வென்ட் அவுட்' என்று திருத்தினேன். கிளம்பும்போது, கரண்ட் திரும்பி வந்தால் விளக்குகள் எரியக் கூடாதே என்று "க்ளோஸ் தி லைட்" என்றேன். அவன் நின்று, "டர்ன் ஆஃப், இல்லையா?" என்றான். மலாயில் 'துத்துப் லம்பு' என்று சொல்லிச் சொல்லி வந்த பழக்கம். எனக்கும் ஒரு நடுக்கட்டம் இருக்கிறது! அவன் என்னைத் திருத்தியது அதுதான் முதல் தடவை. அன்று முழுக்க ரொம்பத் தைரியமாகப் பேசினான்.

மறுநாள் காலைக்குள் ஏறக்குறைய எல்லா இடத்துக்கும் கரண்ட் வந்துவிட்டது. அந்த வாரமே 'எல் பாயிஸ்' நாளிதழின் ஸ்பானியப் பதிப்பையும் அதன் ஆங்கிலப் பதிப்பையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படிக்கத் தொடங்கினோம். முதலில் ஸ்பானியம், பிறகு ஆங்கிலம். விஷயம் ஏற்கெனவே தெரிந்திருப்பதால் கவனம் முழுவதும் மொழியில் நிற்கும். அகராதியைத் தொட வேண்டிய வேலையும் குறைவு. 'பீப்பிள்' என்ற சொல் வரும் இடத்திலெல்லாம் அதையும் அதன் வினையையும் கோடு போடச் சொன்னேன். ரயிலில் மாட்டிக்கொண்டவர்கள், மின்தூக்கியில் மாட்டிக்கொண்டவர்கள் என்று செய்தி முழுக்க ஜனங்கள்தான். ஸ்பானியத்தில் ஜனங்களுக்கு 'ஹெந்தே', அது ஒருமை. அதனால் அவன் எப்போதும் "பீப்பிள் வாஸ்" என்பான். விதியைப் பத்து தடவை சொல்லியும் ஏறாதது, கோடு போட்டுப் போட்டுக் கொஞ்சம் ஏறியது.

எண்கள்தான் எங்கள் இரண்டு பேரையும் அசத்திவிட்டன. ஐந்தே விநாடியில் 15 கிகாவாட் மின்னுற்பத்தி வலையிலிருந்து காணாமல் போனது, அந்த நேரத்துத் தேவையில் சுமார் 60 விழுக்காடு என்று பிரதமர் பெத்ரோ சான்செஸ் சொன்னார். அதை மெகாவாட்டில் எழுதினால் ஆங்கிலத்தில் 15,000. ஸ்பானியப் பழக்கத்தில் 15.000, அதாவது ஆயிரத்துக்குப் புள்ளி, தசமத்துக்குக் கமா. மாற்றிப் படித்தால் 15 கிகாவாட் 15 மெகாவாட் ஆகிவிடும்.

அதைவிடப் பெரிய ஆபத்து பில்லியன். மின்தடையால் வந்த நட்டம் 1.6 பில்லியன் யூரோ என்று ஸ்பெயினின் முதலாளிகள் கூட்டமைப்பு மதிப்பிட்டது. அவன் அதைப் படித்துவிட்டு ஸ்பானியத்தில் 'பியோன்' என்று பேசத் தொடங்கினான். ஆங்கில பில்லியன் ஒன்றுக்குப் பின் ஒன்பது சுழியம், நம் கணக்கில் 100 கோடி. ஸ்பானிய 'பியோன்' ஒன்றுக்குப் பின் 12 சுழியம், அதாவது ஒரு லட்சம் கோடி. ஆங்கில பில்லியனை அவர்கள் 'மில் மியோனெஸ்', ஆயிரம் மில்லியன் என்பார்கள். அதனால் ஸ்பானியப் பத்திரிகையில் அதே நட்டம் '1.600 மில்லியன்' என்று வரும். "நீ சொல்ற கணக்குப்படி ஒரே நாள்ல நாட்டோட ஒரு வருஷ உற்பத்தியே போச்சு" என்றேன். மிகைப்படுத்தவில்லை. ஸ்பெயினின் ஓராண்டு மொத்த உள்நாட்டு உற்பத்தி ஏறக்குறைய அவ்வளவுதான். கைப்பேசியில் சரிபார்த்துவிட்டு ஒரு நிமிடம் சும்மா உட்கார்ந்திருந்தான். பிறகு நோட்டின் பின் அட்டையில் பெரிதாக எழுதிக்கொண்டான்.

தேர்வுக்கு முந்திய இரண்டு வாரம் புதுசாக ஒன்றும் சொல்லிக்கொடுக்கவில்லை. தினமும் ஒரு செய்தியை எடுத்து ஐந்து நிமிடம் பேசுவான். நடுவில் குறுக்கிட மாட்டேன் என்று வாக்குக் கொடுத்திருந்தேன். தப்புகளைத் தாளில் குறித்துவைத்து முடிந்ததும் காட்டுவேன். குறுக்கிடாமல் இருப்பது எனக்குத்தான் கஷ்டமாக இருந்தது. மேசைக்கு அடியில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன்.

ஜூன் கடைசியில் நான் ஊருக்குத் திரும்பிவிட்டேன். ஜூலையில் ஒரு நாள் மாமாக் கடையில் பசியாறிக்கொண்டிருந்தபோது அவனிடமிருந்து வாட்ஸ்ஆப் வந்தது. தேறிவிட்டானாம். "தி பீப்பிள் ஆஃப் தி எக்ஸாம் வாஸ் வெரி கைண்ட்" என்று எழுதியிருந்தான். வாழ்த்து சொல்வதா திருத்துவதா என்று விரலை வைத்துக்கொண்டு யோசிப்பதற்குள் அடுத்த செய்தி வந்தது. ஒரே சொல்: "வேர்."