மாநாட்டில் புதுக் கருவி, அப்பாவுக்குப் பழைய மாத்திரையா?

கேள்வி: எங்கள் மாவட்டத் தலைநகரில் இதயநோய் மருத்துவர்களின் மண்டல மாநாடு நடந்தது. மார்பைத் திறக்காமலே வால்வு மாற்றுவது, சுண்ணாம்பு படிந்த அடைப்பை அதிர்வலையால் உடைப்பது என்று செய்தித்தாளில் பக்கம் பக்கமாகப் போட்டிருந்தார்கள். என் அப்பாவுக்கு வயது 64. மாடிப்படி ஏறினால் நெஞ்சு இறுக்குகிறது, நின்றால் விட்டுவிடுகிறது. ஆஞ்சியோகிராமில் ஒரு குழாயில் 80 சதவீத அடைப்பு என்று வந்தது. ஆனால் டாக்டரோ, ‘இப்போதைக்கு மாத்திரை போதும், ஸ்டென்ட்டுக்கு அவசரமில்லை’ என்கிறார். அவரும் அந்த மாநாட்டுக்குப் போய்வந்தவர்தான். பிறகு இந்த மாநாடுகளால் எங்களுக்கு என்ன பயன், ஐயா?
— ஒரு வாசகி

பதில்: உங்கள் கேள்விக்குள்ளேயே பதில் இருக்கிறது, அம்மா. ‘மாத்திரை போதும்’ என்று உங்கள் டாக்டர் சொல்கிறாரே, அந்தத் துணிவை அவருக்குக் கொடுத்ததே மாநாடுகள்தான். இருபது ஆண்டுகளுக்கு முன் இதே படத்தைப் பார்த்திருந்தால் பெரும்பாலான டாக்டர்கள் அடுத்த வாரமே ஸ்டென்ட்டுக்கு நாள் குறித்திருப்பார்கள். மாநாடு என்றதும் புதுக் கருவிகளின் கண்காட்சிதான் நம் நினைவுக்கு வருகிறது. ஆனால் இதய மருத்துவத்தில் நோயாளிக்கு மிகப் பெரிய நன்மை செய்த மாநாட்டு அறிவிப்புகள் பல, ‘நாம் உறுதியாக நம்பிச் செய்துவந்தது எதிர்பார்த்த பலனைத் தரவில்லை’ என்று சொன்னவை. சொந்தத் தொழிலின் நம்பிக்கையை, அதே தொழில் செய்யும் ஆயிரக்கணக்கானவர்கள் முன்னால் எண்களை வைத்துக் கேள்வி கேட்பது எளிதல்ல. மாநாட்டின் முதன்மையான பயன் அதுதான் என்பது என் கருத்து.

உங்கள் அப்பாவின் நோய்க்கு நேராகப் பொருந்தும் இரண்டு ஆய்வுகளைச் சொல்கிறேன். 2007 மார்ச்சில் நியூ ஆர்லியன்ஸில் நடந்த அமெரிக்க இதயவியல் கல்லூரியின் ஆண்டு மாநாட்டில் ‘கரேஜ்’ ஆய்வின் முடிவு வெளியானது. நடந்தால் நெஞ்சு வலிக்கும், ஆனால் நிலை மோசமாகிக்கொண்டு போகாத 2,287 பேர் அதில் இருந்தார்கள். ஒரு பாதிக்கு நல்ல மாத்திரைகளோடு ஸ்டென்ட் சிகிச்சை, மறுபாதிக்கு அதே மாத்திரைகள் மட்டும். நாலரை ஆண்டுக்குப் பிறகு மரணத்திலும் மாரடைப்பிலும் இரு பிரிவுக்கும் வேறுபாடு இல்லை. ஆய்வில் பழைய வகை ஸ்டென்ட், நோயாளிகளிடம் ஆபத்தும் குறைவு என்று எதிர்ப்பு எழுந்தது. நியாயமான எதிர்ப்புதான். அதனால் இதயத் தசைக்குப் போகும் ரத்த ஓட்டம் இன்னும் கடுமையாகக் குறைந்திருந்த 5,179 பேரை 37 நாடுகளிலிருந்து சேர்த்து, இப்போதைய வகை ஸ்டென்ட்டுகளோடும் பைபாஸோடும் ‘இஸ்கிமியா’ ஆய்வை நடத்தினார்கள். இந்தியாவும் அதில் பங்கெடுத்தது. 2019 நவம்பரில் ஃபிலடெல்ஃபியாவில் அமெரிக்க இதயச் சங்கத்தின் மாநாட்டில் முடிவு அறிவிக்கப்பட்டது. மூன்று ஆண்டுகளுக்குச் சற்றுக் கூடுதலான காலத்தில், உடனே ஆஞ்சியோகிராம் செய்து அடைப்பை நீக்கும் வழியில் போன பிரிவில் இறந்தவர்கள் 145 பேர். முதலில் மாத்திரையோடு நின்ற பிரிவில் 144 பேர்.

‘80 சதவீதம் அடைத்திருக்கும்போது அதைத் திறந்தால் உயிருக்கு நல்லதாகத்தானே இருக்க வேண்டும்?’ என்று கேட்பீர்கள். யாருக்கும் எழும் கேள்விதான் இது. டாக்டர்களும் வெகுகாலம் அப்படித்தான் நினைத்தார்கள். ஆனால் மாரடைப்பு பெரும்பாலும் அடைப்பு கொஞ்சம் கொஞ்சமாக வளர்ந்து 100 சதவீதத்தைத் தொடுவதால் வருவதில்லை. குழாய்ச் சுவரில் படிந்த கொழுப்புத் திட்டு ஒன்று திடீரென்று வெடித்து, அதன்மேல் சில நிமிடங்களில் ரத்தம் உறைவதால் வருகிறது. அப்படி வெடிக்கும் திட்டு பெரும்பாலும் ஆஞ்சியோகிராமில் கண்ணை உறுத்தும் 80 சதவீத அடைப்பாக இருப்பதில்லை. பாதிகூட அடைக்காத சிறிய திட்டாக, வேறொரு குழாயில் இருக்கலாம். ஸ்டென்ட் ஓர் இடத்தை மட்டும் திறக்கிறது. கொழுப்பைக் குறைக்கும் ஸ்டாடின், ரத்தம் உறையாமல் காக்கும் ஆஸ்பிரின், ரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்குமான மருந்து, புகையை விடுவது ஆகியவை எல்லாக் குழாய்களிலும் உள்ள எல்லாத் திட்டுகள்மேலும் வேலை செய்கின்றன. அப்பாவுக்குக் கொடுத்திருக்கும் ‘பழைய மாத்திரை’ இரண்டாந்தரச் சிகிச்சை அல்ல.

இந்த முடிவை எங்கே பொருத்தக் கூடாது என்பதும் முக்கியம். இதயத்தின் இடப்பக்க முதன்மைக் குழாயில் கணிசமான அடைப்பு உள்ளவர்கள், இதயத்தின் துடிப்பு வலிமை மிகவும் குறைந்தவர்கள், அண்மையில் மாரடைப்பு வந்தவர்கள் ‘இஸ்கிமியா’ ஆய்வில் சேர்க்கப்படவில்லை. அவர்களுக்குக் கணக்கே வேறு. மாத்திரையில் தொடங்கியவர்களிலும் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்குப் பின்னர் அடைப்பை நீக்க வேண்டி வந்தது. வலி குறைவதில் ஸ்டென்ட்டின் பயன் மெய்யானது. 2017-இல் ‘ஆர்பிட்டா’ என்ற ஆய்வு, நன்றாக மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு ஸ்டென்ட்டால் நடக்கும் திறன் பெரிதாகக் கூடவில்லை என்றது. அதே குழு 2023-இல், வலிக்கான மாத்திரைகளை நிறுத்தியவர்களிடம் ஆராய்ந்து, ஸ்டென்ட் வலியைத் தெளிவாகக் குறைக்கிறது என்று காட்டியது. இரண்டு முடிவையும் ஒரே குழு மேடையேறிச் சொன்னதை நான் பெரிதாக மதிக்கிறேன். ஆகவே மாத்திரைக்குப் பிறகும் அப்பாவால் அன்றாட வேலையைச் செய்ய முடியாத அளவுக்கு வலி இருந்தால், ஸ்டென்ட் கேட்பது நியாயம். உயிர் காக்கும் என்று நம்பி அவசரப்படத்தான் ஆதாரம் இல்லை.

புதுக் கருவிகளே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. மார்பைத் திறக்காமல் வால்வு மாற்றும் முறை, அறுவைச் சிகிச்சையைத் தாங்க முடியாத எத்தனையோ முதியவர்களுக்கு வாழ்வு தந்திருக்கிறது. ஆனால் புதியது என்பதாலேயே ஒன்று மேலானது ஆகிவிடாது. கரையும் ஸ்டென்ட்டை நினைத்துப் பாருங்கள். மூன்று ஆண்டுகளில் தானே கரைந்து, குழாய் இயற்கையாக ஆகிவிடும் என்று உலகெங்கும் மாநாடுகளில் அதைக் கொண்டாடினார்கள். இந்தியாவிலும் பலருக்கு வைத்தார்கள். பிறகு நீண்டகால முடிவுகள் வந்தன: சாதாரண ஸ்டென்ட்டைவிட அதில் ரத்தம் உறைவதும் மாரடைப்பும் அதிகம். ‘அப்சார்ப்’ என்ற அந்த ஸ்டென்ட்டின் விற்பனை 2017-இல் நிறுத்தப்பட்டது. அதைப் புகழ்ந்ததும் மாநாடு, அதன் குறையை வெளிக்கொண்டுவந்ததும் மாநாடு. புகழ்ச்சியை மட்டும் செய்தியாக்கினால் வாசகருக்குப் பாதிதான் கிடைக்கும்.

மாநாடுகளுக்கு மருந்து நிறுவனங்களும் கருவி நிறுவனங்களும்தானே பணம் கொடுக்கின்றன என்பது வலுவான குறை. அதை மறுக்க மாட்டேன். எந்தப் பேச்சுக்கு மேடை, எந்தக் கருவிக்கு நேரடிச் செய்முறை என்பதில் பணத்தின் கை இருக்கத்தான் செய்யும். 2024-இல் இந்திய அரசு வெளியிட்ட மருந்து விற்பனை நெறிமுறைகள், டாக்டர்களுக்கு நிறுவனங்கள் பயணச் செலவும் தங்கும் செலவும் கொடுப்பதைப் பேச்சாளர்கள் போன்ற விதிவிலக்குகளோடு தடை செய்கின்றன. நல்ல தொடக்கம் இது. ஆனால் அதைவிடப் பெரிய மருந்து, மண்டல மாநாடு தன் மண்டலத்தின் கணக்கை மேடையில் வைப்பது. நெஞ்சு வலியோடு வந்தவர் முதல் ஈ.சி.ஜி. எடுக்க எத்தனை நிமிடம் ஆயிற்று? உறைவு கரைக்கும் ஊசி எப்போது போட்டார்கள்? ஓராண்டில் எத்தனை பேர் மாத்திரையை நிறுத்தினார்கள்? இந்தக் கேள்விகளுக்கு எந்த நிறுவனமும் அரங்கு போடப்போவதில்லை.

இது ஆகாத காரியம் அல்ல, தமிழ்நாடே செய்துகாட்டியது. கோவையின் தாமஸ் அலெக்சாண்டர், சென்னையின் அஜித் முல்லாசரி முதலான மருத்துவர்கள், 35 சிறிய மருத்துவமனைகளை 4 பெரிய மருத்துவமனைகளோடு இணைத்தார்கள். மாரடைப்பு வந்தவருக்கு அருகிலேயே ஈ.சி.ஜி. எடுத்து, உறைவு கரைக்கும் மருந்து கொடுத்து, பிறகு ஆம்புலன்ஸில் பெரிய மருத்துவமனைக்கு அனுப்பி ஆஞ்சியோகிராம் செய்யும் ஏற்பாடு அது. 2,420 நோயாளிகளின் விவரம் 2017-இல் ஆய்விதழில் வந்தது. ஓராண்டுக்குள் இறந்தவர்கள் ஏற்பாட்டுக்கு முன் 17.6 சதவீதம், பின் 14.2 சதவீதம். முன்-பின் ஒப்பீடுதானே, வேறு காரணங்களும் கலந்திருக்கலாமே என்று கேட்கலாம், கேட்க வேண்டும். மற்றக் காரணங்களைக் கழித்துக் கணக்கிட்டபோதும் பலன் நின்றது. புதிதாக எந்தக் கருவியும் கண்டுபிடிக்காமல், இருப்பவற்றை ஒழுங்காகச் சேர்த்தே நூறு பேரில் மூன்று பேரைக் கூடுதலாகக் காப்பாற்ற முடிந்தது. எந்த மண்டல மாநாட்டுக்கும் இதைவிட நல்ல பொருள் எனக்குத் தெரியவில்லை.

உங்கள் டாக்டரிடம் மூன்று கேள்விகளைக் கேளுங்கள். அடைப்பு எந்தக் குழாயில் இருக்கிறது? எக்கோவில் இதயத்தின் வலிமை எப்படி? கெட்ட கொழுப்பு எந்த அளவுக்கு இறங்க வேண்டும், எத்தனை வாரத்தில் மறுபடி சோதிக்க வேண்டும்? வலி இல்லை என்பதற்காக அப்பா ஸ்டாடினையோ ஆஸ்பிரினையோ தானாக நிறுத்தக் கூடாது. சும்மா உட்கார்ந்திருக்கும்போது வலி வந்தாலோ, வழக்கத்தைவிடக் குறைந்த தூரத்தில் வந்தாலோ, நின்றும் விடாமல் நீடித்தாலோ அது வேறு நோய்நிலை. மேலே சொன்ன ஆய்வுகள் எதுவும் அதற்குப் பொருந்தாது. அப்போது வாயுத் தொல்லை என்று சோடா குடித்துக் காத்திருக்காமல், வண்டியில் ஏற்றிக்கொண்டு அலையாமல், 108-ஐ அழையுங்கள்.