தேடத் தெரிந்தால் போதுமா?

கேள்வி: எது எங்கே கிடைக்கும் என்று தெரிந்தால் போதாதா? எல்லாவற்றையும் மனத்தில் ஏற்ற வேண்டுமா?
– கல்லூரி மாணவி, குப்பம்

பதில்: 1880இல் கும்பகோணத்தில் சமணக் காப்பியமான சீவக சிந்தாமணியைப் படித்ததுண்டா என்று சேலம் இராமசாமி முதலியார் கேட்டபோது, உ.வே.சாமிநாதையர் அதைப் படித்ததே இல்லை. படிக்கத் தொடங்கியபின் சமணச் செய்திகள் விளங்காமல், அவ்வூர்ச் சமணர்களைத் தேடிப் போய்க் கேட்டார். 1887இல் அவர் பதிப்பில் நூல் அச்சேறியது. விடை இருந்தது அந்தச் சமணர்களிடம்தான். ஆனால் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பாடம் கேட்ட தமிழ் நெஞ்சில் இல்லாதிருந்தால், எந்த இடத்தில் ஐயம் என்பதே அவருக்குத் தெரிந்திருக்காது. கேட்கவும் கொஞ்சம் கற்றிருக்க வேண்டும், அம்மா.

நீங்களும் இதைச் செய்து பார்க்கலாம். உங்கள் ஊரில் திராவிடப் பல்கலைக்கழகம் இருக்கிறது. அங்கே பர்ரோவும் எமனோவும் தொகுத்த திராவிட வேர்ச்சொல் அகராதி கிடைத்தால் புரட்டுங்கள். தமிழும் தெலுங்கும் கன்னடமும் காதில் விழ வளர்ந்தவர் நீங்கள். பக்கத்துக்குப் பக்கம் தெரிந்த சொற்கள் எதிர்ப்படும், புதுக் கேள்விகளும் எழும்.