குழந்தை மனநல மருத்துவம் பயில விரும்புவோர்க்கு

சிறுவாச்சூரில் முன்பே ஒரு மருத்துவக் கல்லூரி இருக்க, 2022-இல் அரியலூரிலும் அரசுக் கல்லூரி திறந்தபின், வீட்டுக்கு ஒரு டாக்டர் என்ற ஆசை இந்தப் பக்கத்தில் பெருகியிருக்கிறது. ஆனால் மேற்படிப்பு என்றதும், ரேடியாலஜியில் இராத்தூக்கம் கெடாது, தோல் வைத்தியத்தில் பணம் குவியும் என்று வீட்டார் சொல்வதே வேதவாக்காகிவிட, தரவரிசை இறங்கியதனால் மட்டும் மனநலத் துறைக்கு வந்து சேரும் வித்தியார்த்திகளைக் காணும்போது மனம் சங்கடப்படுகிறது.

விரும்பியே குழந்தை மனநலத்தை நாடுவோர்க்கு நேர்வழிகள் தெரிந்தவையே. மனநலத்தில் எம்.டி. 3 ஆண்டு, அதன்மேல் பெங்களூர் நிம்ஹான்ஸ் போன்ற இடங்களில் டி.எம். இன்னும் 3 ஆண்டு. ஆராய்ச்சியும் போதனையும் விரும்புவோர்க்கு இது சிரேஷ்டம், இடங்களோ சொற்பம். வேலூர் சி.எம்.சி.யில் பெறும் ஃபெலோஷிப் அதற்கு அடுத்தது. குழந்தை மருத்துவத்தில் எம்.டி. பெற்று, வளர்ச்சிக் குறைபாடுகளில் தேர்ச்சியடைவது ஆட்டிசத்தில் நாட்டமுள்ளவர்க்குப் பொருந்தும். பரீட்சை முடிவு வந்த வாரத்தில் உயிரை வெறுத்துப் பேசும் பெண்ணுக்கு உதவ அது போதாது.

நான் வற்புறுத்தி விலக்குவது, சில வார இறுதிகளில் கணினித் திரை முன் உட்கார்ந்து வாங்கிவிடும் சான்றிதழை. எம்.டி.க்குப் பின் அறிவைப் புதுப்பிக்க அது உதவலாம், எம்.டி.க்கு மாற்றாக அதை நம்பிப் பெயர்ப்பலகை மாட்டுவதோ அநர்த்தம். ஜெயங்கொண்டத்துக்கு அப்பாலிருந்து ஒரு பாட்டி, பேச்சு வராத நான்கு வயதுப் பேரனை என்னிடம் கூட்டிவந்தார். அப்பன் வளைகுடாவில். பாட்டியின் கையில், அத்தகைய சான்றிதழ்க்காரர் ஒருவர் பத்து நிமிஷத்தில் எழுதித் தந்த ஆட்டிசச் சீட்டு. பிள்ளையோ அவர் முகத்தை விட்டுக் கண்ணெடுக்காமல், வேண்டியதையெல்லாம் விரல் நீட்டிக் காட்டிக்கொண்டிருந்தான். "காது சோதித்தார்களா, அம்மா?" என்று கேட்டேன். "அதெல்லாம் யாரும் சொல்லலீங்களே" என்றார். பேச்சுத் தாமதமென்றால் முதலில் செவியைச் சோதிக்க வேண்டும் என்பது எந்தப் பாடநூலிலும் உள்ளதுதான். ஆயினும் அவசரத்தில் அது நினைவுக்கு வருவதற்கு, கண்டிப்பான ஆசிரியர் ஒருவரின் அருகில் நின்று நூற்றுக்கணக்கான குழந்தைகளைப் பார்த்த பழக்கம் வேண்டும். அந்தப் பழக்கத்தைச் சான்றிதழ் தராது.

என் பக்ஷபாதத்தையும் சொல்லிவிடுகிறேன். கூட்டம் மிகுந்த அரசு ஆஸ்பத்திரியில் எம்.டி. பயின்று, பின்பு மாவட்டத்தில் சில காலம் உழைத்தவரே இத்துறைக்குத் தக்கவர் என்பது என் அநுபவம். குழந்தை தன் துன்பத்தை வார்த்தையில் சொல்லாது; வயிற்றுவலி என்னும், பள்ளிக்கூடம் போகமாட்டேன் என்னும், பொம்மையைத் தரையில் அறையும். தாயும் வாத்தியாரும் வெவ்வேறு கதை சொல்வர். அத்தனையும் பொறுமையாகக் கேட்கும் சுபாவம் தமக்கு உண்டா என்பதை, விண்ணப்பம் எழுதுமுன் மாணவர் தம்மையே விசாரித்துக்கொள்ளட்டும். உண்டென்றால் ஆண்டுகளை எண்ணித் தயங்க வேண்டாம். இல்லையென்றால் ரேடியாலஜியும் கௌரவமான தொழில்தான்.