மச்சம் தொடாதவருக்கு ஏன் வந்தது?

சென்ற மாரிக்கு முன் ஒரு கிராமத்தில் மாதர் குழுவினருடன் வீட்டுத்தோட்டம் பற்றிப் பேசிக்கொண்டிருந்தோம். மரக்கறி, கீரை, தானியம் அதிகம் உண்பவர்களுக்குச் சில புற்றுநோய்கள் வரும் ஆபத்துக் குறைவு என்று நாம் சொல்லி முடிக்கவில்லை. பின்னால் இருந்த ஓர் அம்மா எழுந்தார். நான்கு இடங்களுக்கு மூட்டை கட்டிய கமக்காரக் குடும்பம் அவருடையது.

“என்ரை மனுசன் பிறந்த நாளிலை இருந்து மச்சம் வாயிலை வைச்சதில்லை. சோறும் கீரையும் மரக்கறியும்தான். அந்த மனுசனுக்கு ஏன் வாயிலை புற்று வந்தது?”

அன்று நாம் கொடுத்த பதில் போதியதாக இருக்கவில்லை. ஆகவே இந்தப் பாடத்தை அவருடைய கேள்வியில் இருந்தே தொடங்குகிறோம்.

எமது உடம்பு கோடிக்கணக்கான கலங்களால் ஆனது. பழைய கலங்கள் அழிய, புதியவை அளவாகப் பிறக்கின்றன. ஒரு கலத்தின் உள்ளே இருக்கும் கட்டளைகள் பழுதடைந்து, அது அடக்கமின்றிப் பெருகத் தொடங்குவதே புற்றுநோய். இந்தப் பழுது பெரும்பாலும் ஒரு நாளில் வருவதில்லை. பல ஆண்டுகளாகச் சேர்கிறது. அதனால்தான் நாளாந்தம் வாயில் வைப்பது எது என்பது முக்கியமாகிறது. ஆனால் எல்லாப் புற்றுநோயும் உணவால் வருவதில்லை. வயது, பரம்பரை, கிருமி, புகையிலை எனக் காரணங்கள் பல. நோய் வந்த ஒருவரைப் பார்த்து “நீ சாப்பிட்டது பிழை” என்று சொல்வது அறியாமை மட்டுமல்ல, கொடுமையுங்கூட.

உணவின் பங்கு மிகத் தெளிவாகத் தெரிவது பெருங்குடலில். டெனிஸ் பேர்கிற் என்ற அயர்லாந்து சத்திர வைத்தியர் 1946 முதல் 1964 வரை உகண்டாவில் பணியாற்றினார். இங்கிலாந்தில் அடிக்கடி காணப்பட்ட பெருங்குடற் புற்று, ஆபிரிக்கக் கிராமத்தவரிடையே அரிதாக இருப்பதை அவர் கவனித்தார். அவர்களுடைய உணவில் நார் அதிகம். வெள்ளையர் உணவிலோ தீட்டிய மாவும் சீனியும் அதிகம். இந்த வித்தியாசமே காரணம் என 1970களில் அவர் எழுதினார். அவர் சொன்னதில் எல்லாமே நிலைக்கவில்லை என்றாலும் நாரைப் பற்றிச் சொன்னது நின்றுவிட்டது. நார் சமிக்காமல் பெருங்குடலுக்குப் போய், மலத்தைப் பருமனாக்கி விரைவில் வெளியேற்றுகிறது. அங்கே வாழும் நல்ல நுண்ணுயிர்கள் அதை உண்டு, குடலின் உட்சுவரைப் பேணும் ஒரு பொருளை உண்டாக்குகின்றன. தினமும் 90 கிறாம் அளவு முழுத்தானியம் உண்பவர்களிடம் இந்தப் புற்றின் ஆபத்து 17 சதவீதம் குறைவு என்று உலகப் புற்றுநோய் ஆராய்ச்சி நிதியம் 2017 இல் கணித்தது.

முழுத்தானியம் என்றால் கடையில் வாங்கும் புதுப்பொருள் அல்ல. தவிடு போகாத சிவப்பரிசி, குரக்கன், சாமை, தினை என்பவையே அது. நிவாரணத்தில் வாழ்ந்த ஆண்டுகளில் கிடைத்த வெள்ளை மாவும் சீனியும் உயிரைக் காத்தன. அதைக் குறை சொல்ல எமக்கு மனம் வராது. ஆனால் முகாமில் பழகிய நாக்கு வீடு திரும்பிய பின்னும் பாணையும் வெள்ளை மாவு ரொட்டியையுமே தேடுகிறது. பல வீடுகளில் குரக்கன் இடித்த உரல் கோழிக்குத் தண்ணீர் வைக்க உதவுகிறது. பிட்டுக்குப் பாதி குரக்கன் மா சேர்த்தால் பிள்ளைகளும் உண்பார்கள். சோற்றுடன் பயறு, கௌபி, கடலை ஏதாவது ஒன்று இருக்கட்டும்.

மரக்கறியும் பழமுமாக ஒருவருக்கு நாளொன்றுக்கு 400 கிறாம் வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. அவரவர் கையால் ஐந்து பிடி என்று வைத்துக்கொள்ளலாம். மரவள்ளியும் உருளைக்கிழங்கும் இந்தக் கணக்கில் சேரா. அவை சோற்றின் இடத்தைப் பிடிப்பவை. இரண்டு பிடி கீரை வறை, ஒரு பிடி பூசணி அல்லது வெண்டி, ஒரு பப்பாசித் துண்டு, ஒரு கொய்யா என்றால் கணக்குச் சரி.

“காணி எங்கடை இல்லையே, நாளைக்கு எழும்பச் சொன்னால்?” என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்வி. மரம் வைக்க மனம் வராவிட்டால் உரப்பையில் மண்ணும் எருவும் நிரப்பி கீரை விதையைத் தூவுங்கள். ஒரு மாதத்தில் கறிக்கு ஆயலாம். பசளிக் கொடியை வேலியில் படரவிடலாம். போக நேர்ந்தால் பையைத் தூக்கிக்கொண்டு போகலாம். கிணற்றடியில் வழிந்தோடும் தண்ணீர் ஒரு முருங்கைத் தடிக்குப் போதும். விற்பனைக்குச் செய்யும் கத்தரிக்கும் மிளகாய்க்கும் மருந்து அடிப்பவர்கள், போத்தலில் எழுதியுள்ள நாட்கள் கழியும் முன் அதை வீட்டுக்கறிக்கு ஆயவேண்டாம்.

இறைச்சியைப் பற்றியும் கேட்கிறார்கள். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சிப் பிரிவு 2015 இல், பதனிட்ட இறைச்சி மனிதருக்குப் புற்றுநோயை உண்டாக்கும் என்று தீர்ப்பளித்தது. சொசேஜஸ், பேக்கன் போன்றவை இதில் அடங்கும். தினமும் 50 கிறாம் உண்டால் பெருங்குடற் புற்றின் ஆபத்து ஏறக்குறைய 18 சதவீதம் கூடுகிறது. 100 பேருக்கு வரவேண்டிய இடத்தில் 118 பேருக்கு வரும் என்பதே இதன் பொருள். மாடு, ஆடு, பன்றி இறைச்சிகளை அதற்கு அடுத்த நிலையில், “பெரும்பாலும் உண்டாக்கக்கூடும்” என வைத்தார்கள். அந்தத் தீர்ப்பில் மீன் இல்லை. பெருநாளுக்கு ஆட்டிறைச்சி சமைக்கும் குடும்பம் பயப்பட வேண்டியதில்லை. பிள்ளையின் பாடசாலைச் சாப்பாட்டுப் பெட்டிக்கு நாள்தோறும் சொசேஜஸ் பொரித்து வைக்கும் குடும்பம் யோசிக்கட்டும்.

கீரையின் சத்தை மாத்திரையாக விழுங்கினால் என்ன என்ற எண்ணமும் படித்தவர்களிடம் இருந்தது. பின்லாந்தில் புகைபிடிக்கும் ஆண்கள் 29,000 பேரளவில் வைத்துச் சோதித்தார்கள். கரட்டிலும் கீரையிலும் உள்ள பீற்றா கரோட்டீனை மாத்திரையாகப் பெற்றவர்களிடம் நுரையீரற் புற்று 18 சதவீதம் கூடியிருந்தது 1994 இல் தெரியவந்தது. குறையும் என்று எதிர்பார்த்தவர்கள் திகைத்துப்போனார்கள். கீரையைக் கீரையாகவே உண்ணுங்கள்.

இனி அந்த அம்மாவின் கேள்வி. அவருடைய கணவர் மச்சம் தொடவில்லை. ஆனால் இருபது வயதில் இருந்து வெற்றிலை போட்டார். வயலில் பசி தெரியாமல் இருக்கவும், முகாமில் பொழுது போகவும் போட்டார். வெற்றிலையும் பாக்கும் புகையிலையும் செடியில் இருந்துதான் வருகின்றன. புகையிலை சேர்த்த வெற்றிலை புற்றை உண்டாக்கும் என்று 1985 இலேயே முடிவாகியிருந்தது. புகையிலை சேராவிட்டாலும் பாக்குத் தனியாகவே புற்றை உண்டாக்கும் என்பதை 2004 இல் வெளிவந்த அறிக்கை உறுதி செய்தது. இலங்கை ஆண்களிடையே வாய்ப்புற்று நெடுங்காலமாக முன்வரிசையில் நிற்பதற்கு இதுவே பெருங்காரணம். சுருட்டும் சாராயமும் கசிப்பும் சேர்ந்தால் ஆபத்துப் பல மடங்கு. பாக்குச் செய்யும் கேட்டைக் கீரை ஈடு செய்யாது. அன்றே இதைச் சொல்லியிருக்க வேண்டும். துயரத்தில் இருந்தவரிடம் சொல்ல நாம் தயங்கிவிட்டோம்.

செடியில் இருந்து வரும் இன்னொரு கேடு எம்மவர் கவனிக்காதது. 1960 இல் இங்கிலாந்தில் ஒரு இலட்சத்துக்கும் அதிகமான வான்கோழிகள் செத்தன. பூஞ்சணம் பிடித்த கச்சான் பிண்ணாக்கே காரணம் என்று கண்டறிந்தார்கள். அந்தப் பூஞ்சணத்தின் நஞ்சுக்கு அஃப்லாரொக்சின் என்று பெயர். அது ஈரலில் புற்றை உண்டாக்கும். கச்சானையும் சோளத்தையும் ஈரத்துடன் கட்டிவைத்தால் இது வளரும். வறுத்தாலும் முழுவதும் அழியாது. ஆகவே பிடுங்கிய கச்சானைக் குலுக்கினால் உள்ளே பருப்பு ஆடிச் சத்தம் கேட்கும்வரை வெயிலில் காயவிடுங்கள். பொலித்தீனில் அன்றிக் காற்றுப் புகும் சாக்கில், நிலத்தில் படாமல் பலகை மேல் வையுங்கள். சுருங்கியது, நிறம் மாறியது, பூஞ்சணம் பிடித்தது எல்லாவற்றையும் பொறுக்கி எரியுங்கள். நல்லதை விற்றுவிட்டுக் கழிவைப் பிள்ளைகளுக்கு வறுத்துக் கொடுக்கும் வழக்கம் பல இடங்களில் உண்டு. வறுமை செய்விக்கும் காரியம்தான், ஆயினும் விடவேண்டும். மாட்டுக்கும் போடாதீர்கள். நஞ்சு பாலில் வரும்.

வந்த நோயை உணவு மாற்றாது. இலைச்சாறு குடித்து மாதங்களைக் கழித்துவிட்டு வைத்தியரிடம் போனவர்களை நாம் அறிவோம். வாயில் வெள்ளைப் படை, மூன்று வாரத்துக்கு மேல் ஆறாத புண், மலத்தில் இரத்தம், மார்பில் கட்டி ஆகிய எதைக் கண்டாலும் அருகிலுள்ள அரசாங்க வைத்தியசாலைக்குப் போங்கள். பெண்கள் 35 வயதில் சுகவனிதையர் கிளினிக்குக்குப் போய்ச் சோதித்துக்கொள்ளலாம். குடும்பநல உத்தியோகத்தரிடம் கேட்டால் நாள் சொல்லுவார்.

சென்ற மாதம் அந்த அம்மாவை மீண்டும் சந்தித்தோம். மூத்த மகனும் பாக்குப் போடுகிறவன். அவனை அவரே பல் வைத்தியரிடம் இழுத்துக்கொண்டு போயிருக்கிறார். கன்னத்தின் உட்புறத்தில் சிறிய வெள்ளைப் படை இருந்ததாம். பாக்கை நிறுத்தச் சொல்லி, மூன்று மாதத்தின் பின் மறுபடி வரத் திகதி கொடுத்திருக்கிறார்கள். மகனின் சேட்டுப் பையைத் தினமும் தடவிப் பார்ப்பதாகச் சொன்னார். இதுவரை மூன்று தடவை பாக்கு அகப்பட்டதாம்.